ஒகுதனிக் கணவாயின் விருந்தோம்பல்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. எனக்குப் பனி பிடிக்கும். எங்கள் ஊரில் பனியைத் திட்டாதவர்கள் இரண்டே வகைதான்: பள்ளிக்கூடம் மூடாதா என்று வானத்தைப் பார்க்கிற பிள்ளைகள் ஒன்று, நான் ஒன்று. கூரை இறங்குகிறது, முதுகு வலிக்கிறது என்று மற்றவர்கள் புலம்புவார்கள். எனக்கு என்னவோ, ஊர் முழுக்க வெள்ளையாகிவிட்டால் மனம் சுத்தமாகிவிட்ட மாதிரி இருக்கும்.

என் பெயர் குராமோச்சி இசாமு. ஒகுதனி ஊர்ச் சங்கத்தின் தலைவர். நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, இந்தக் காவல் நிலையத்துக்கு நானாகத்தான் வந்தேன் என்பதை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரிகாசா நானாகோ என்ற அந்த அம்மாள் கணவாயில் காருக்குள் இறந்ததை நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

எங்கள் ஊரைத் தாண்டிக் கணவாய் ஏறும் இடத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு கேட் உண்டு. பனிப்புயல் வந்தால் சாலை அலுவலகத்திலிருந்து போன் வரும். கேட்டுக்குப் பக்கத்து வீடு என்னுடையது என்பதால் சாவி என்னிடம்தான். போய்க் கம்பத்தை இறக்கிப் பூட்டிவிட்டு வருவேன். அதன்பின் கணவாய்க்குள் ஒரு வண்டியும் போகாது. இதற்காக எனக்கு யாரும் மாலை போட்டதில்லை. வராத ஆபத்துக்கு எவன் நன்றி சொல்வான்?

இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு சாலை அலுவலகத்தில் யாரோ தூங்கிவிட்டார்கள். போன் தாமதமாக வந்தது. அதற்குள் கணவாயில் வண்டிகள் வரிசையாகச் சிக்கிவிட்டன. நாங்கள் என்ன செய்தோம்? எந்த ஊரும் செய்கிறதைத்தான். இருந்த அரிசியை வடித்து உருண்டை பிடித்தோம். பன்றிக்கறியும் முள்ளங்கியும் போட்டு மிசோ சூப்பு வைத்து, வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். யாரோ ஒரு லாரிக்காரர் அழுதுகொண்டே சூப்பு குடிப்பதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் டிவிக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

அதுவரை எங்கள் ஊர் செய்தியில் வந்தது ஒரே ஒரு முறை. கூட்டுறவுக் கடைக்குள் கரடி புகுந்து ஊறுகாய்ப் பீப்பாயைக் காலி செய்தபோது. அப்போதும் கரடியைப் பேட்டி எடுக்காத குறைதான், எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதோ நாடு முழுவதும் எங்களைப் பார்த்து உருகியது. மாகாணத்திலிருந்து 'அன்புக் கிராமம்' என்று பட்டமும் கேடயமும் வந்தன. ஊர் எல்லையில் பலகை வைத்தோம். பனியில் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று அதற்கு விளக்கும் போட்டோம். முதுகில் 'அன்பு' என்று எழுதிய நீல அங்கி ஆளுக்கொன்று தைத்துக்கொண்டோம். எனக்குத் தைத்ததில் எழுத்து கொஞ்சம் பெரிது. அது தையல்காரரின் தவறு.

மறு குளிர்காலத்துக்கு நாங்கள் தயாராக இருந்தோம். சங்கக் கூடத்தில் அன்புப் பயிற்சி நடந்தது. யார் உருண்டை நீட்டுவது, யார் சூப்பு ஊற்றுவது, எத்தனை தூரம் குனிவது என்றெல்லாம் ஒத்திகை பார்த்தோம். வண்டிக்குப் பதிலாக நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கிழவர்களை ஓட்டுநர்களாக உட்காரவைத்தோம். அவர்களில் ஒருவர் சூப்பில் உப்புப் போதாது என்று சொல்லி ஒத்திகையையே கெடுத்தார்.

ஆனால் ஒருவரும் வரவில்லை. புயல் வராமல் இல்லை. வந்தது. ஒவ்வொரு முறையும் போன் வந்தது, நான் போய்க் கேட்டை மூடினேன். மூடிய கணவாயில் யார் சிக்குவார்கள்? வைத்த சூப்பை நாங்களே குடித்தோம்.

பெண்கள் பிரிவின் தலைவி ஷிராசு மிசாவோ அக்கா வாய்த்துடுக்குக்காரர். போன இலையுதிர் காலத்தில் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, போன வருஷம் முழுக்க நாமளே சூப்பு வச்சு நாமளே குடிச்சோம். என் வீட்டுக்காரருக்கு இப்பல்லாம் முள்ளங்கியைக் கண்டாலே ஏப்பம் வருது. இந்த வருஷமாவது விருந்தாளி வருமா, வராதா?"

"பனி விழலைன்னா நான் என்னக்கா பண்றது?"

"பனியெல்லாம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. நீங்கதான் சமத்துப் புள்ளையாட்டம் பொழுதோட கேட்டைச் சாத்திட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் விளையாட்டாகச் சொன்னார், ஐயா. நான்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவர் பெயரை இதில் இழுக்க வேண்டாம்.

அதே கூட்டத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. பட்டத்தை மாகாணம் மறுபரிசீலனை செய்யப்போகிறதாம். அடுத்த முறை கீழே இருக்கிற ஷிமோதனிக்குப் போகலாமாம். ஷிமோதனிக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. சிக்கிக்கொள்ளாத வண்டிகளைக்கூட வழியில் மறித்து, முகம் துடைக்கச் சூடான ஈரத்துண்டு கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. லாரிக்காரர்கள் அந்த ஊரைக் கண்டால் வேகத்தைக் கூட்டினார்கள். அன்பு என்பது தானாகச் சுரக்க வேண்டும், இப்படி ஆள் பிடிக்கக் கூடாது என்று நான் அப்போதே சொன்னேன்.

அன்றைய புயலுக்கு வருகிறேன். காலையிலேயே வானொலியில் எச்சரிக்கை வந்துவிட்டது. மிசாவோ அக்காவும் பெண்களும் கூடத்தில் முள்ளங்கி நறுக்கத் தொடங்கினார்கள். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றினார்கள். மதியம் சாலை அலுவலகத்திலிருந்து போன்.

"குராமோச்சி ஐயா, கணவாயை மூடிருங்க. மேல ரொம்ப மோசமா இருக்கு."

"இதோ, இப்பவே போறேன்" என்றேன். சொன்னபடியே போனேன். கேட்டின் பக்கத்தில் போய் நின்றேன். கையில் சாவி இருந்தது. கூடத்தின் புகைபோக்கியிலிருந்து சூப்பு வாசனை அங்கே வரைக்கும் வந்தது. பெண்கள் காலையிலிருந்து வெந்நீரில் கை வைத்து உழைத்திருக்கிறார்கள். அரிசி வடித்தாகிவிட்டது. இப்போது கம்பத்தை இறக்கினால் அத்தனையும் வீண். உணவை வீணாக்குவது போன்ற பாவம் எங்கள் ஊரில் வேறில்லை. எனவே கொஞ்சம் பொறுத்து மூடலாம் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வண்டிகள் வர ஆரம்பித்தன. நான் யாரையும் உள்ளே போ என்று சொல்லவில்லை. கேட் திறந்திருந்தது, அவர்கள் போனார்கள். ஒரு மஞ்சள் நிறச் சின்னக் கார் மட்டும் என் பக்கத்தில் நின்றது. கண்ணாடியை இறக்கி ஓர் அம்மாள் தலையை நீட்டினார். கணவாய்க்கு அப்பால் உள்ள ஊர்களில் முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தித் தருபவராம். பின் இருக்கையில் சின்னச் சின்னப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"ஐயா, கணவாய் மூடப்போறாங்கன்னு கீழ பெட்ரோல் பங்குல சொன்னாங்களே. போகலாமா, திரும்பிரட்டுமா?"

"கேட் திறந்துதானேம்மா இருக்கு."

"இருக்குதான். ஆனா மேல பார்த்தா ஒண்ணுமே தெரியலையே. அந்தப் பக்கம் ஒரு தாத்தா காத்துட்டிருக்காரு. பேத்தி கல்யாணத்துல யார் பேசறதும் கேக்காம போயிரும்னு ரெண்டு நாளா போன் மேல போன். போனை எடுத்தா அவருக்கு நான் பேசறது கேக்காது, அது வேற விஷயம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு என் அங்கியைப் பார்த்தார்.

"ஐயோ, இது அந்த சூப்பு ஊருல்ல? டிவியில பார்த்திருக்கேன். அப்பச் சரி, மாட்டிக்கிட்டாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்ல. நீங்க இருக்கீங்க."

"இருக்கோம்மா" என்றேன். "பார்த்துப் போங்க."

அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊர்ப் பெயரை நம்பி ஒருவர் புயலுக்குள் போகிறார் என்றால் அது சாதாரணப் பெயரா?

அவருக்கு முன்னால் போன லாரி ஒன்று ஏற்றத்தில் வழுக்கிச் சாலையை அடைத்து நின்றது. பின்னால் போனவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டார்கள். போதுமான அளவு சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் நான் கேட்டை இறக்கிப் பூட்டினேன். எனக்கும் பொறுப்பு உண்டு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? சூப்பு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் விருந்தாளிகளைச் சேர்க்க வேண்டும்.

பிறகு போன் செய்தேன். முதலில் டிவி நிலையத்துக்கு, அதன் பிறகு சாலை அலுவலகத்துக்கு. நான் மூடப் போவதற்குள் வண்டிகள் நுழைந்துவிட்டன என்று அலுவலகத்தில் சொன்னேன். டிவியில் கியூமா என்ற பெண் பேசினார். முன்பு வந்தவர்தான், நல்ல பெண்.

"தலைவரே, நாங்க ஷிமோதனி பக்கமாத்தான் இருக்கோம். இருட்டறதுக்குள்ள வந்துருவோம். ஒரே ஒரு உதவி. முதல் உருண்டையைக் குடுக்கறதை நாங்க எடுக்கணும். அதுவும் அந்தப் பனி அப்படியே தொடாத பனியா இருந்தா, அதுல உங்க ஆளுங்க வரிசையா நடந்து வர்ற மாதிரி... எவ்வளவு நல்லாருக்கும்!"

அவர் கேட்டது அவ்வளவுதான். அவரையும் இதில் இழுக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் நடை பழகிய குழந்தைக்கும் ஒன்று தெரியும். பனியில் வண்டி சிக்கினால் முதலில் தோண்ட வேண்டியது வண்டியின் பின்பக்கம். புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளேதான் திரும்பும். அந்தப் புகையில் இருக்கிற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கதகதப்பாக உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். இதைச் சொல்லிக்கொடுப்பவன் நானே. ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையின் தலைவரும் நானே.

இளைஞர்கள் சிலர் பனிவாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களில் மிசாவோ அக்காவின் மருமகன் தேஷிமா கொஞ்சம் அவசரக்காரன்.

"மாமா, மொதல்ல போய்ப் பின்பக்கத்தைத் தோண்டிட்டு வந்துடறோம். சூப்பு அப்புறம் பார்த்துக்கலாம்."

"தோண்டலாம்டா. எல்லாரும் ஒண்ணாப் போவோம். இப்ப நீங்க மிதிச்சு வச்சீங்கன்னா அந்த இடமே சந்தை மாதிரி ஆயிரும்."

"ஆயிட்டா என்ன மாமா? மனுசங்க உள்ள இருக்காங்க."

"எல்லாரும் ஓட்டத் தெரிஞ்சவங்கதான். அவங்களே இறங்கித் தோண்டிக்குவாங்க."

நியாயமான பேச்சுத்தான். சமவெளிக்காரர்களுக்கு அது தெரிந்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவனிடம் அதைச் சொல்லவில்லை. அவன் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் சூப்பைச் சிறு தீயில் வைத்துக் காத்திருந்தோம். பனி மட்டும் காத்திருக்கவில்லை, தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.

டிவிக்காரர்கள் சொன்னபடி இருட்டுவதற்குள் வந்தார்கள். தொடாத பனியில் நாங்கள் வரிசையாக நடந்தோம். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீல அங்கிகள், ஆவி பறக்கும் அண்டா, முன்னால் நான். ஓட்டுநர்கள் கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள். தேஷிமாவும் பையன்களும் பின்னாலிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தோண்டிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் வேலையைக் குறை சொல்ல முடியாது. நான்தான் முன்னால் போய்விட்டேன், கேமரா என்னுடன் வந்தது.

மஞ்சள் காரின் அருகில் வந்தபோது அந்த அம்மாள் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் விரலை உதட்டில் வைத்துக் கேமராவிடம் 'உஷ்' என்று காட்டினேன். உருண்டையை மூங்கில் இலையில் சுற்றி, முன்கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் மெதுவாகச் செருகினேன். குனிந்து வணங்கினேன். அப்புறம் அடுத்த வண்டிக்குப் போனேன். அதில் ஒரு சின்னப் பெண் குழந்தை இருந்தது. குழந்தை உருண்டையைக் கடிக்கிற படத்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

அன்று மாலைச் செய்தியிலேயே அது வந்துவிட்டது. 'களைத்து உறங்குபவரை எழுப்பவும் மனம் வராத அன்பு' என்று கியூமா சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நாடே அழுதது. செய்தி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தேஷிமா அந்தக் காரின் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தான். உயிர் இல்லை. பையன் பனியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

பட்டம் எங்களிடமே இருக்கும் என்று மாகாணத்திலிருந்து தகவல் வந்தது. நான் இங்கே வராமலே இருந்திருப்பேன். வரவைத்தது அவருடைய கணவர்.

போன வாரம் ஒரிகாசா என்ற அந்த மனிதர் எங்கள் சங்கக் கூடத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் துணி சுற்றிய பெட்டி. பயற்று இனிப்பு, நல்ல கடையில் வாங்கியது. வாசலிலேயே பனியில் மண்டியிட்டுத் தலையைத் தாழ்த்திவிட்டார்.

"என் மனைவி உங்க ஊர்ல வந்து இப்படி ஆகி, எல்லாருக்கும் ரொம்பச் சிரமம் குடுத்துட்டா. மன்னிக்கணும்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பிறர் இடத்தில் செத்தாலும் சிரமம் கொடுத்ததற்கு வீட்டார் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நானும் முறைப்படி பதில் சொன்னேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. எங்களுக்கு ஒரு சிரமமும் இல்ல."

"அந்த உருண்டையை வச்சீங்களே... நான் திரும்பத் திரும்பப் பார்க்கறேன். கடைசியா அவகிட்ட அன்பா நடந்துக்கிட்டது நீங்கதான். தூக்கத்துலயே போயிட்டா, இல்லையா? கஷ்டப்படலையே?"

"தூங்கிட்டுத்தான் இருந்தாங்க."

"எழுப்பாம விட்டீங்க. அந்த மட்டுக்கும் நல்லது."

பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. பிறர் கொடுத்ததற்குக் கைம்மாறு செய்யாமல் வைத்துக்கொள்வது எங்கள் ஊரில் மானக்கேடு. வாங்கியதில் பாதி மதிப்புக்காவது ஏதேனும் திருப்பி அனுப்ப வேண்டும். ஊறுகாய் அனுப்பலாமா என்று பார்த்தேன். அரிசி அனுப்பலாமா என்று பார்த்தேன். மிசாவோ அக்காவைக் கேட்டேன். 'அந்த ஆளுக்கு என்னத்தை அனுப்புவீங்க தலைவரே?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அங்கியைப் போடுவதில்லை.

யோசித்துப் பார்த்ததில், அந்த மனிதரிடம் இல்லாதது, என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

நான் உருண்டையை வைத்தபோது அந்த அம்மாள் தூங்கவில்லை, ஐயா. முகம் செக்கச்சிவந்து இருந்தது. அடைத்த வண்டிக்குள் நச்சுப்புகை ஏறிச் சிவந்த முகத்தைக் கண்டால் கண்ணாடியை உடை, பேச்சை அப்புறம் வைத்துக்கொள் என்று தொண்டர் படையில் சொல்லிக்கொடுப்பவன் நான். உதட்டருகில் கண்ணாடியில் ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. உயிர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். என் இன்னொரு கையில் பனிவாரி இருந்தது. ஓர் அடி போதும். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை உடைத்து ஒரு பெண்ணைப் பனியில் இழுத்துப்போடுகிற படம் அன்புக் கிராமத்துக்குப் பொருந்தாது. தேஷிமா பின்னால் வருகிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று குனிந்து வணங்கிவிட்டுப் போனேன். கேட்டை வேண்டுமென்றே திறந்து வைத்ததும் நான்தான், அவரைச் சாகவிட்டதும் நான்தான். இரண்டையும் என் பெயரிலேயே எழுதுங்கள், ஊர்ப் பெயரைச் சேர்க்காதீர்கள்.

எழுதி முடித்ததும் இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்தக் கணவருக்கு அனுப்பிவையுங்கள். பயற்று இனிப்புக்கு எங்கள் ஒகுதனியின் கைம்மாறு என்று சொல்லிவிடுங்கள். இதற்குப் பதிலாக அவர் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை.